தாம்பரத்துக்காரிக்கு டூரிஸ்ட் டிக்கெட்

தாம்பரத்தில் பிறந்து, தாம்பரத்திலேயே படித்து, தாம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் கழுத்தை நீட்டிவிட்டு வெளியூர் போன என் அத்தை, ஒரு கோடை விடுமுறையில் தனக்கு டூரிஸ்ட் டிக்கெட் வேண்டும் என்று கேட்டாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, பெரியவர்கள் சிரித்தால் கூடவே சிரித்துவிடுவேன்.

டூரிஸ்ட் டிக்கெட் என்பது மின்சார ரயிலில் வெளியூர்க்காரர்களுக்கென்று கொடுக்கிற சீட்டு. ஒருமுறை வாங்கிவிட்டால் மூன்று நாளைக்கு பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரை எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம், மனம் மாறினால் அடுத்த வண்டியில் திரும்பியும் வரலாம். எங்கே போகிறோம் என்று கவுண்டரில் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. வயலை மனை போட்டு விற்று, அந்தக் காசில் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை வைத்தவர் அவர். எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டார்.

"பொறந்து வளந்த ஊர்ல இன்னா டூரிஸ்டு? மூணு நாளும் காலைல ஒரு தபா, சாயந்தரம் ஒரு தபா பீச்சுக்குப் போய்ட்டு வந்தாதான் இந்த டிக்கெட்டு கட்டுப்படியாவும். அவ்ளோ தபா போனா அலையே பேஜாராயிடும். போற எடத்துக்கு மட்டும் டிக்கெட் எடு, போதும்" என்றார்.

அத்தை எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை. மாமா கை நீட்டுகிறார் என்று அவள் வீட்டை விட்டு வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டார் வந்து பேசி, அவளை அழைத்துப் போவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். கைநீட்டாத புருஷன் எங்கே இருக்கிறான், கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டியதுதான் என்பது அவர் கட்சி. அத்தையின் பள்ளித் தோழி ஒருத்தி சானடோரியம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாள், வேலை தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு வேலைக்குப் போக அப்பா விடமாட்டார். ஞாயிற்றுக்குள் தங்க ஓர் இடம் கிடைத்தால் அத்தை பிழைத்தாள், இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது வெகுநாள் கழித்து. அப்போது எனக்குத் தெரிந்தது, அத்தை ஊருக்குப் போகுமுன் என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறாள், வண்டலூர் ஜூவில் வெள்ளைப் புலி காட்டப் போகிறாள் என்பது மட்டும்.

டிக்கெட் விவகாரத்தை முடித்து வைத்தது அம்மா. கறிவேப்பிலைக்குக்கூட பேரம் பேசுகிற அம்மா, "அவ என்னிக்கு வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கா? வாங்கிக் குடுத்துடுங்க" என்றாள். அப்பாவுக்கே ஆச்சரியம். "சரி, ஒண்டியா போவக்கூடாது. பாப்பா துணைக்குப் போவட்டும்" என்று ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். கல்யாணமான பெண் வெளியே போனால் துணைக்கு ஒரு வாண்டை அனுப்பிவைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வாண்டு வழியில் தூங்கிவிட்டால்கூடப் பரவாயில்லை, கூட இருந்தால் போதும்.

கவுண்டரில் இருந்தவர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "இதே ஊர்தான் சார்" என்றாள் அத்தை, கொஞ்சமும் கூசாமல். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கொடுத்தார்.

அப்படி ஒரு ஊர் சுற்றலை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. பெருங்களத்தூரில் இறங்கினோம். கோயில் இல்லை, கடல் இல்லை, ஒரு ஐஸ்கிரீம் கடைகூட இல்லை. அத்தை ஸ்டேஷனிலிருந்து தெருத்தெருவாக நடந்தாள். விளக்குக் கம்பங்களை அண்ணாந்து பார்த்தாள். குழாயடியில் நின்ற பெண்களிடம் தண்ணீர் எப்போது வரும், லாரி வருமா, உப்புக் கரிக்குமா என்று பேச்சுக் கொடுத்தாள். வீட்டுக்காரர்கள் பொய் சொல்வார்கள், குடம் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் சொல்லமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அப்பாவின் கணக்கைவிட அது நல்ல கணக்கு என்று இப்போது தோன்றுகிறது. அழுது முகம் வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்தவள், அந்தத் தெருக்களில் நடந்த நடை இருக்கிறதே, ஊரையே விலைக்கு வாங்க வந்தவள் மாதிரி இருந்தது. நான் அவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

ஒரு வீட்டு கேட்டில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்து, வாசலிலேயே சட்டத்தைச் சொல்லிவிட்டாள். "தோ பாரும்மா, பேச்சிலர் பசங்க, ஒண்டியா வர்ற பொம்பளைங்க, யாருக்கும் வூடு கிடையாது. ஃபேமிலிக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. "பாப்பாவ எந்த ஸ்கூல்ல போடப் போற?"

"இந்தப் பக்கம் எந்த ஸ்கூலு நல்லா இருக்கும்க்கா?" என்று கேட்டாள் அத்தை.

அந்த அம்மாள் பள்ளிக்கூடங்களைப் பற்றி விலாவாரியாகப் பேசினாள். புருஷனைக் கேட்டுச் சொல்வதாகவும், ஒருநாள் விட்டு வரும்படியும் சொன்னாள். வீடு வந்ததும், அப்பா கடையைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் அம்மாவிடம் ஓடி, "அத்தை என்னை பெருங்களத்தூர் ஸ்கூல்ல சேக்கப் போறாங்க" என்று அழுதேன்.

அம்மா சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு என்னை இழுத்து உட்காரவைத்தாள். "யாரும் உன்ன எங்கயும் சேக்கப் போறதில்ல. ஆனா அத்தை பேசும்போது நீ குறுக்க பேசக்கூடாது. யாராவது உங்கப்பா எங்கன்னு கேட்டா, கடையில கீறாருன்னு சொல்லு. அது உண்மைதானே? அப்பாகிட்ட இதெல்லாம் சொல்லாத, அலுத்துப்போய் வருவாரு."

மறுநாள் வண்டலூரில் இறங்கியபோது எனக்கு உயிர் வந்தது. ஆனால் அத்தை அங்கேயும் புலி இருக்கும் பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் தெருக்களுக்குள் நுழைந்தாள். அங்கிருந்து ஊரப்பாக்கம், பிறகு கூடுவாஞ்சேரி. ஒரு வீட்டில் புருஷன் வந்து பேசினால்தான் ஆகும் என்றார்கள். இன்னொரு வீட்டில் மாடிப்படியில் நின்று ஒருவர் அத்தையைப் பார்த்த பார்வையில் அவளே திரும்பி நடந்துவிட்டாள். திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். நான் புலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவள் முகம் பார்த்து, கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை அம்மா எனக்கு எண்ணெய் வைத்து, இறுக்கப் பின்னி, பள்ளி ஆண்டு விழாவுக்கு மட்டும் போடுகிற ஃபிராக்கை எடுத்துப் போட்டுவிட்டாள். ஊர் சுற்ற எதற்கு இந்த அலங்காரம் என்று நான் கேட்டதற்கு, பின்னலை இன்னும் இறுக்கினாள். மறுபடியும் பெருங்களத்தூர். அந்த அம்மாளின் புருஷன் ஈஸிசேரில் சாய்ந்தபடி, அத்தையை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"உங்கப்பா எங்கம்மா?"

"கடையில கீறாரு அங்கிள்."

"இன்னா கடை?"

"சிமெண்ட் கடை. தாம்பரத்துல."

அத்தையின் கை என் தோளில் இருந்தது. அவள் வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். உள்ளே போன அந்த அம்மாள் சாவியோடு வந்தாள். (பிறகு ஒரு மாதத்துக்குள் அத்தையே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம், அப்புறம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாளாம். அத்தை அந்த வீட்டில் ஏழெட்டு வருஷம் இருந்தாள்.)

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டார் பழத்தட்டோடு வந்தார்கள். மாமா வரவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போனபோது, சமையலறைக் கதவோரம் நின்றிருந்த அத்தை முன்னால் வந்தாள். "நான் வரல. எனக்கு வேலை கிடைச்சிருக்கு. பெருங்களத்தூர்ல வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டேன். நாளைக்கே போறேன்" என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஏன் என்று தெரியாமலே.

அப்பா எழுந்துவிட்டார். "ஒண்டியா இருக்கிற பொம்பளைக்கு எவன் வூடு குடுத்தான்?"

அம்மா காபித் தட்டோடு வந்து, முதல் டம்ளரை அப்பாவின் கையில் கொடுத்தாள். நானும் அப்பாவைப் போலவே குழம்பிப்போய் நின்றேன். தனியாக வரும் பெண்களுக்கு வீடு கிடையாது என்று என் காதுபடச் சொன்ன அந்த அம்மாள் எதற்காக மனம் மாறினாள் என்பது அன்று எனக்கும் விளங்கவே இல்லை.