இரண்டாவது ‘வேண்டாம்’

வீப்கேவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. க்ரோனிங்கன் பக்கத்துச் சிற்றூரில், அறுபத்தெட்டு வயதில், ஒருவருக்கும் சொல்லாமல் புது அடுக்ககத்துக்குக் குடிபோனாள். முதல் வாரமே தபால்பெட்டி பிதுங்கியது: டயர் தள்ளுபடி, மீன் தள்ளுபடி, காது கேட்கும் கருவி. நேரே நகராட்சிக்குப் போய் நின்றாள்.

“தபால்பெட்டியில ஒட்ட ஒத்தை ‘வேண்டாம்’ ஸ்டிக்கரா, ரெட்டையாம்மா?” என்றான் கவுண்டர்க்காரன். “ஒத்தைன்னா விளம்பரம் மட்டும் வராது. ரெட்டைன்னா ஊர்ப் பேப்பரும் வராது.”

“ரெட்டையே குடுப்பா. ஊர் வம்பு எனக்கெதுக்கு?”

வம்பு என்றது தம்பி ரெயிந்தரை. புதன்தோறும் வரும் அந்த இலவசப் பேப்பரில், பனிச்சறுக்குச் சங்கத்துப் படத்தில் அவன் இளித்துக்கொண்டு நிற்பான். அம்மாவை அடக்கம் செய்த அன்று காப்பி மேசையில் சண்டை முற்றி, “நீ செத்தாலும் வரமாட்டேன்” என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டாள். பதினோரு வருடமாயிற்று. அவனே முதலில் பேசட்டும் என்று காத்திருந்தாள். வீம்பில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நவம்பரில் கடை வரிசையில் பழைய தெருக்காரி த்ரைன்த்யே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று கேட்டதும் வெடித்தாள்.

“சொன்ன மாதிரியே செஞ்சுட்டியேடி, கல்நெஞ்சக்காரி.”

“என்னடி செஞ்சேன்?”

“தம்பி அடக்கத்துக்கு வராம இருந்தியே! உன் விலாசம் எவளுக்குத் தெரியும்? சங்கத்துக்காரங்க ஊர்ப் பேப்பர்ல உன் பேரைப் போட்டே கூப்பிட்டாங்களே!”

த்ரைன்த்யே வீட்டுப் பழைய பேப்பர்க் கட்டில் அது இருந்தது. கறுப்புக் கட்டம், போன மாதத் தேதி, கீழே ஒரு வரி: ‘ரெயிந்தர் கேட்டுக்கொண்டபடி, முன்வரிசையில் முதல் நாற்காலி அக்கா வீப்கேவுக்கு.’

“கடைசிவரைக்கும் காலியாத்தான் கெடந்துச்சு,” என்றாள் த்ரைன்த்யே, இப்போது மெதுவாக.

அழுகை வருமென்று வீப்கே சற்று நின்று பார்த்தாள். வரவில்லை. உருளைக்கிழங்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து, தபால்பெட்டி முன் குந்தி, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். அன்று பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, அவளே அழுத்தி ஒட்டியது. ஊர்ப் பேப்பருக்கான கீழ்ப்பாதி ‘வேண்டாம்’ கிழிந்து வர அரைமணி நேரமாயிற்று.

புதன்கிழமை பேப்பர் வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரி விடாமல் வாசித்தாள். அவனைப் பற்றி ஒன்றும் இல்லை.