மாதவன் எண்ணாத பல்

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்கிற கம்பெனி ஒன்றில் மாதவன் பத்தொன்பது வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். மற்றவர்கள் செய்த வேலையைச் சரியில்லை என்று சொல்வதுதான் அவர் வேலை. இதற்குச் சம்பளம், போனஸ், ஏ.சி. அறை எல்லாம் உண்டு என்பதை அவர் மனைவி ராஜாத்தியால் இன்றுவரை நம்ப முடியவில்லை. "இதைத்தான நீங்க வீட்டுல சும்மாவே செய்யுறீக" என்பாள்.

சரியில்லாத உருப்படியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்ட வேண்டும். அட்டையில் நான்கு கட்டங்கள்: குறை என்ன, காரணம் என்ன, பொறுப்பு யார், கையெழுத்து. மூன்றாவது கட்டத்தில் மாதவன் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை எழுதிவிட்டார். தன் பெயரை எழுதுகிற சந்தர்ப்பம் மட்டும் வாய்க்கவில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து அட்டைகள் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கியர் கம்பெனியில் இருந்துகொண்டு மாதவன் ஒருநாளும் கியரின் பல்லை எண்ணியதில்லை. எத்தனை பல் என்பது வரைபடத்தில் இருக்கிறது, வெட்டுவது மிஷின். நாற்பத்தொன்று என்றால் மிஷின் நாற்பத்தொன்றுதான் வெட்டும், அதற்கு மாமன் மச்சான் கிடையாது. மாதவன் அளந்ததெல்லாம் பல்லின் தடிமன், வளைவு, வழவழப்பு. தலைமுடியைப் பத்தாகக் கிழித்து அதில் ஒரு கீற்று கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதெல்லாம் அவர் தகுதிக்குக் கீழே.

விருதுநகர்ப் பக்கத்துக்காரரான அவர் குடியிருப்பது கெலமங்கலத்தில், முனிவேல் வீட்டு மாடியில். முனிவேல் விவசாயி. ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கர் தக்காளி, கோஸ். அந்தக் காட்டிலிருந்து சரக்கு வர வேண்டுமென்றால் ஓடையில் இறங்கி, எதிரே இருக்கிற பாறைச் சரிவில் ஏற வேண்டும். அதற்கென்றே ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப், பின்னால் இரும்புத் தொட்டி வைத்தது, வைத்திருந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதான். ஆனால் எஞ்சினுக்கு மூச்சு போய்விட்டது. பாதிச் சரிவில் நின்று, ஊர் கொசுவை எல்லாம் ஒழிக்கிற அளவுக்குப் புகைவிடும்.

"பெரிய எஞ்சினா மாத்திடலாம்ணே" என்றார் மாதவன். "நான் இருக்கேன்ல."

முனிவேலுக்கு அது போதுமாயிருந்தது. "நீங்க கூட நின்னாப் போதும் சார். நம்ம திம்மராயன் கைவேலை பண்ணட்டும், நீங்க மூளை வேலை பண்ணுங்க."

திம்மராயன் ராயக்கோட்டை ரோட்டில் ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், கஸ்டமரிடம் தமிழ், போல்ட் சிக்கிக்கொண்டால் மூன்றும். விபத்தில் முகம் நசுங்கிய ஒரு வேனிலிருந்து இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சினை அவரே தேடிப் பிடித்து வந்தார். அதை ஜீப்பில் உட்கார வைக்க நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நாலு ஞாயிறும் மாதவன் வெர்னியர் அளவுகோலோடு போய் ஷெட்டில் நின்றார்.

மூன்றாவது ஞாயிறு, எஞ்சின் உட்காரும் கட்டையைத் திம்மராயன் வெல்டிங் வைத்தபோது அது இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனது. மாதவன் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து, மூன்றாவது கட்டத்தில் 'திம்மராயன்' என்று எழுதி, அதில் கட்டிவிட்டார். டிராக்டர் ரிப்பேருக்கு வந்திருந்த ஆறேழு பேர் சிரித்தார்கள். திம்மராயனும் கொஞ்சம் சிரித்தார். பிறகு வெல்டை அறுத்துத் திரும்ப வைத்தார்.

அப்புறம் இன்னொரு பிரச்சினை வந்தது. பெரிய எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலே பலம் தரும். ஆனால் பழைய ஜீப்பின் கியர் அதை வேகமாகச் சுற்ற வைத்தது. ஐம்பதைத் தாண்டினால் வண்டி அலறியது. "பின்னாடி ஆக்சிலையும் வேன்லேர்ந்தே எடுத்துப் போட்டுரு. ரோட்டுல எண்பதுல போகும்" என்றார் மாதவன்.

திம்மராயன் தலையைச் சொறிந்தார். "சார், வேன் ரெண்டு வீல் மட்டும் இழுக்குற வண்டி. அதுல முன்னாடி இழுக்குற ஆக்சில் இல்ல. அப்ப முன்னாடி பழசு, பின்னாடி புதுசு. உள்ள கிரவுன் சக்கரத்துல பல்லு எண்ணிப் பாத்துக்கலாமா?"

"பல்லு எண்ணுறதுக்கு இது என்ன மாட்டுச் சந்தையாப்பா?" என்றார் மாதவன். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். "முன்னாடி இருக்கது கம்பெனி போட்டது. அதைத் தொடாத. நான் அளந்துட்டேன்."

உண்மையில் அவர் அளந்திருந்தார். ஸ்பிரிங் உட்காரும் அகலம், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, எல்லாம் கச்சிதம். திம்மராயன் வேனின் ஆக்சிலைப் பின்னால் மாட்டினார்.

ரோட்டில் வண்டி பறந்தது. ரோட்டில் பின் சக்கரம் மட்டும்தானே இழுக்கும். முனிவேல் எலுமிச்சை நசுக்கி, முன்பக்கம் மிளகாயும் எலுமிச்சையும் கோத்துத் தொங்கவிட்டு, மாதவனுக்கு மாலையும் போட்டார். திம்மராயனுக்கு ஒரு துண்டு.

அடுத்த வாரம் முதல் மழை. முப்பது கிரேட் தக்காளியோடு ஜீப் ஓடைக்குள் இறங்கியது. முனிவேல் ஓட்ட, மாதவன் பக்கத்தில் சாமி ஊர்வலத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முனிவேலின் அண்ணன் தம்பிகள், சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம் கரையில் நின்றது. சேற்றில் முனிவேல் சின்னக் கியரை இழுத்து நாலு சக்கரத்தையும் சேர்த்தார். வண்டி வழுக்கிக்கொண்டே ஓடையைத் தாண்டியது. கைதட்டல்.

பாறையில் ஏறியதும் ஸ்டியரிங் உதறியது. முன் சக்கரம் கிறீச்சிட்டது. வண்டி தவளை மாதிரி குதித்தது.

"சார், இன்னாமோ புடிக்குது சார்."

"பவருண்ணே. புது பவரு அப்படித்தான் இருக்கும். மிதிங்க."

முனிவேல் மிதித்தார். அடியில் தேங்காய் உடைகிற சத்தம். முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி பிளந்து, எண்ணெய் பாறையில் கொட்டியது. ஜீப் மெதுவாக, மரியாதையாக, பின்னோக்கியே ஓடையில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. தக்காளி மட்டும் ஓடை முழுக்க மிதந்து போனது.

கூட்டம் இறங்கி ஓடி வந்தது. முனிவேலின் தம்பி கேட்டான்: "இன்னா சார் ஆச்சு?"

மாதவனுக்குள் அந்த நொடியில் 'பல்லு எண்ணிப் பாத்துக்கலாமா' என்ற குரல் கேட்டது. கேட்டது என்பதுதான் பின்னால் அவரைத் தின்றது. கேட்காமல் இருந்திருந்தால் அது வெறும் தப்போடு போயிருக்கும். கேட்ட பிறகு அவர் வாய் சொன்னது, பத்தொன்பது வருடமாகச் சொல்லிப் பழகியது:

"வேலை சரியில்ல."

யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மூளை வேலை ஒருத்தர், கைவேலை ஒருத்தர் என்று முனிவேல் ஏற்கெனவே பங்கு பிரித்திருந்தார்.

அரை மணி நேரத்தில் திம்மராயன் வந்தார். வருவதற்குள் அவரைப் பற்றிய தீர்ப்பு ஓடைக்கரையில் நாலு வாய் மாறிவிட்டது. அவர் சேற்றில் படுத்து அடியில் பார்த்தார். எழுந்து, வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். மாதவனை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகப் பார்த்திருக்கலாம், மாதவன் அதைத் தாங்கியிருப்பார். அது கோபமில்லை. இவர் இப்போது சொல்வார் என்று காத்திருந்த பார்வை.

மாதவன் தக்காளியைப் பார்த்தார்.

"சரி சார்" என்றார் திம்மராயன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனி பஸ் தினமும் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் போகும். திங்கட்கிழமை வாசலில் ஐந்து டிராக்டர், ஒரு டெம்போ. வியாழக்கிழமை இரண்டு டிராக்டர். அடுத்த திங்கள் ஒரு பவர் டில்லர். அதன் பிறகு ஒரு நாய். மாதவன் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தார். திரும்பி வரும்போது ஷெட் அந்தப் பக்கம் வந்தது.

முனிவேலுக்கோ அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. "நீங்க மட்டும் இல்லன்னா அந்த ஆளோட வேலை நமக்குத் தெரிஞ்சிருக்குமா சார்" என்று ஒரு கூடை தக்காளி மேலே அனுப்பினார். ராஜாத்தி மூன்று நாள் தக்காளிச் சட்னி அரைத்தாள். மூன்றாம் நாள் மாதவன் தட்டை நகர்த்தி வைத்தார்.

"உப்புக் கூடிப் போச்சா?"

"இல்ல, நல்லாருக்கு."

ராஜாத்தி பயந்துபோனாள். கல்யாணமான நாள் முதல் அவர் எதையும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை.

அந்த ஞாயிறு முனிவேல் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மாதவன் கொட்டகையில் கிடந்த ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். முன் ஆக்சில் மூடியைக் கழற்றி, கிரவுன் சக்கரத்தில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸால் புள்ளி வைத்து எண்ணினார். நாற்பத்து மூன்று. அதைச் சுற்றுகிற சின்னச் சக்கரத்தில் எட்டு. பின் மூடியையும் கழற்றி எண்ணினால் நாற்பத்தொன்று, சின்னதில் ஒன்பது. பின் சக்கரம் நூறு அடி போக நினைத்தால் முன் சக்கரம் எண்பத்தைந்து அடிதான் போவேன் என்னும். சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும். பாறையில் நடுவில் இருக்கிறது உடையும். ஒண்ணாம் கிளாஸ் பையன் எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் அதே அசிங்கம்.

வெளியே வந்து சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார். கம்பெனி இங்கிலீஷில் குறையை எழுதினார், காரணத்தை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் 'கே. மாதவன்' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு மாடி ஏறினார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். எழுத்துமூலம் ஒப்புக்கொண்டாகிவிட்டது அல்லவா?

மறுநாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கினால் முனிவேல் வாசலில் நின்று சிரிக்கிறார். "பாத்தன் சார். நீங்களே உங்க கையால கட்டியிருக்கீங்க. செவப்பு திருஷ்டிக்கு நல்லதுதான். ஊரு கண்ணே அந்த வண்டிமேலதான்."

அட்டை ஸ்டியரிங்கில் இல்லை. முன்பக்கம், மிளகாய்க்கும் எலுமிச்சைக்கும் நடுவில், குங்குமப் பொட்டு வைக்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பொட்டு சரியாக மூன்றாவது கட்டத்தின் மேல்.

மாதவன் "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். அந்த 'ஆமாண்ணே'யை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சுடும்.

அந்த வெள்ளிக்கிழமை முனிவேலின் அண்ணன் தம்பிகள் வாசலில் கூடியிருந்தார்கள். ஜீப்பைக் கிருஷ்ணகிரி மெக்கானிக்கிடம் இழுத்துப் போவதாகப் பேச்சு. மாதவன் படியேறப் போனவர், முனிவேல் சொன்னதைக் கேட்டு நின்றார்.

"திம்மராயன் ஷெட்டைக் காலி பண்றானாம். அத்திப்பள்ளியில எங்கியோ கூலிக்குப் போறானாம். போகட்டும், எத்தினி பேரு வண்டி தப்பிச்சுது."

மாதவன் இறங்கி வந்தார். "அண்ணே, அது வந்து... பின்பக்க ரேஷியோ முன்பக்கத்தோட ஒத்துப்போகாம, டார்க் ரெண்டு பக்கமும் முறுக்கி, லோடு எல்லாம் நடுப் பெட்டிக்குப் போயி..."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

"அதாவது, அவன் வேலை சரியில்லன்றீங்க" என்றார் முனிவேல்.

அப்போதுதான் மாதவனுக்குப் புரிந்தது, தான் பேசுகிற பாஷையே ஒளிந்துகொள்வதற்கு ஏற்ற இடமாக இருக்கிறதென்று.

"இல்லண்ணே. தப்பு என்னுது. முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு, ரெண்டும் சண்டை போட்டு உடைஞ்சிருச்சு. பல்லை எண்ணலாமான்னு திம்மராயன் கேட்டான். நான் அவனைக் கிண்டல் பண்ணுனேன். அன்னைக்கு ஓடையில எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்."

முனிவேல் ஜீப்பைப் பார்த்தார், குங்குமம் வைத்த அட்டையைப் பார்த்தார், கடைசியாக அவரைப் பார்த்தார். திட்டவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

"சரிப்பா மாதவா" என்றார். "நீ மேல போ."

ஏழு வருடமாக 'சார்', 'நீங்க'. இறக்கிவிட ஒரே வரி போதுமாயிருந்தது. மாதவன் மேலே போகவில்லை. செருப்பைக்கூட மாற்றாமல் ராயக்கோட்டை ரோட்டுக்கு நடந்தார்.

திம்மராயன் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மாதவன் சொன்னதை எல்லாம் கட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி:

"எத்தினி சார்?"

"முன்னாடி நாப்பத்து மூணுக்கு எட்டு. பின்னாடி நாப்பத்தொண்ணுக்கு ஒம்போது."

"எண்ணுனீங்களா?"

"மூணு தடவை."

திம்மராயன் சாக்கின் முடிச்சை அவிழ்த்தார். "மன்னிப்பெல்லாம் என்கிட்ட வேணாம் சார். எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை வாங்க, அந்த ஸ்டூல்ல குந்துங்க."

இப்போது ஜீப்பில் பழைய பின் ஆக்சிலே திரும்ப வந்துவிட்டது, நடுப் பெட்டி வேறு போட்டாகிவிட்டது. ரோட்டில் ஐம்பதைத் தாண்டினால் அலறுகிறது. அலறட்டும், பாறையில் ஏறுகிறது. ஷெட் வாசலில் மூன்று டிராக்டர். ஞாயிறுதோறும் மாதவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், கையில் எண்ணெய்த் துணியோடு. வருகிறவர்கள் ஜீப் விவகாரத்தை இழுத்தால் திம்மராயன் தலை நிமிராமல் ஸ்பேனரால் அவரைக் காட்டுவார்: "அவரைக் கேளுங்க."

முதலில் ரேஷியோவில் ஆரம்பித்துப் பத்து நிமிடம் சொல்வார். வாரத்துக்கு வாரம் கதை குறைந்துகொண்டே வந்தது. போன ஞாயிறு டில்லரோடு வந்த வெங்கடம்மாள் என்கிற அம்மாளுக்கு இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவள் வெற்றிலையை ஒதுக்கிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கியர் கம்பெனியிலயா வேலை செய்ற? பல்லு எண்ணத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதும்மா" என்றார் மாதவன்.