தண்ணீர் படாத ஜாடி

பன்னிரண்டு வருடம் நான் சம்பளம் வாங்கியதே உப்பைக் கரைப்பதற்குத்தான். பெரிய கட்டடங்களின் ஏசி இயந்திரங்களில் தண்ணீர் ஓடும் குழாய்களுக்குள் வெள்ளையாக ஒரு படிவு ஏறும். வளைகுடாத் தண்ணீரின் குணம் அது. ஆசிட் கலந்த தண்ணீரைப் பம்ப் வைத்துச் சுற்றவிட்டு அதைக் கரைத்து எடுப்போம். முதலில் ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்தேன், பிறகு பஹ்ரைனில் மனாமாவுக்கு வந்தேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்ததெல்லாம் அதன் வேலை.

நான் சொல்லப்போகும் வருடத்தில் எனக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கம்பெனிக்கு காண்ட்ராக்ட் கிடைக்கவில்லை, கலாஸ், முடிந்தது என்று கையை விரித்துவிட்டார்கள். என் மனைவி நர்ஸ். என் விசா அவளுடைய விசாவின் கீழே போய் ஒட்டிக்கொண்டது. மனாமாவின் குதைபியா பகுதியில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. எட்டு வயதில் ஒரு மகள், அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. மனைவி டியூட்டிக்குப் போனால் பிள்ளை என் பொறுப்பு. சமையலும் துணியும்கூட என் பொறுப்புதான். ஊர்க்காரர்கள் யாராவது "இப்ப என்ன செய்யுதிய?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்குள் அந்தக் கேள்வி வரவே வராது. இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தால் மனைவி சோறு போட்டு வைப்பாளே தவிர, என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டாள். அது அவளுடைய பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன், அதற்காக அவள்மீது கொஞ்சம் கோபமும் வைத்திருந்தேன்.

கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்த எங்கள் ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டில் போட்ட ஒயின் வேண்டும். இங்கே அதை யாரும் வெளியில் பேசிக்கொள்வதில்லை. டிசம்பருக்கு முன்னாலேயே திராட்சையைக் கழுவித் துடைத்து, சீனியும் பட்டையும் கிராம்பும் சேர்த்து, ஜாடியில் அடைத்து இருட்டில் வைத்துவிடுவோம். இதில் எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம்தான்: தண்ணீர் படக் கூடாது. கிளறும் அகப்பையில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் போச்சு, மேலே பூசணம் கட்டிவிடும். என் மனைவி ஜாடியைத் துடைத்து வெயிலில் வைத்து, மறுபடியும் துடைப்பாள். ஜாடிப் பக்கம் போகும்போது என் கையைக்கூட ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள்.

அந்த வருடம் ஜாடியைக் கெடுத்து வைத்தவன் நான். இருபது லிட்டர் கண்ணாடி ஜாடி அது, கை நுழையாத வாய். போன ஜனவரியில் ஒயின் கறை ஊறட்டும் என்று குழாய்த் தண்ணீரை நிரப்பி பால்கனி மூலையில் வைத்தவன், அப்படியே மறந்துவிட்டேன். கோடை முழுக்க அந்தத் தண்ணீர் வற்றியிருக்கிறது. நவம்பரில் எடுத்துப் பார்த்தால் அடியிலிருந்து பாதிவரை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, அதற்கு மேலே ஊதா வளையம் ஒன்று. பச்சரிசியும் கல்லுப்பும் போட்டுக் குலுக்கினேன். வினிகரை ஊற்றி ஊற வைத்தேன். கொஞ்சம் போயிற்று, மீதி அசையவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மனைவி அதை விளக்கருகில் தூக்கிப் பார்த்துவிட்டு, போனால் போகட்டும், புதிது ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கோ சுருக்கென்று தைத்தது. பத்து மாடிக் கட்டடத்தின் குழாயைக் கழுவியவனுக்கு ஒரு ஜாடி கழுவத் தெரியாதா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகளுக்குப் பள்ளி விடுமுறை, மனைவிக்குக் காலை ஏழு மணி டியூட்டி. மகளை ஹாலில் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு ஜாடியை பாத்ரூமுக்குக் கொண்டுபோனேன். ஊதாக் கறைக்கு பிளீச் ஊற்றினேன். அரை மணி நேரத்தில் கறை காணாமல் போயிற்று. அடுத்தது வெள்ளைப் படிவு. பழைய வேலையில் மிஞ்சிய ஆசிட் ஒரு பாட்டில் சிங்க்குக்கு அடியில் இருந்தது. இடையில் ஜாடியைத் தண்ணீரில் நன்றாக அலசியிருக்க வேண்டும். பிளீச்சையும் ஆசிட்டையும் சேர்க்காதே என்று சைட்டில் சிவப்பு எழுத்தில் பலகை தொங்கும். புதிதாக வருகிறவர்களை அதன் முன்னால் நிறுத்தி மூன்று மொழியில் வாசிக்கவைத்தவனே நான்தான். ஆனாலும் அந்த நேரத்தில் கை குழாயைத் திறக்கவில்லை. ஒயின் ஜாடியில் எதற்குத் தண்ணீர், அதிலும் இந்த உப்புத் தண்ணீர் என்று ஒரு எண்ணம். சின்ன வயதிலிருந்து ஊறிப்போன சட்டம் அது, யோசித்து வருவதில்லை. ஜாடியைக் கவிழ்த்து பிளீச்சைக் கொட்டினேன். கனமான ஜாடி, முழுக்க வடியவில்லை. அடியில் இரண்டு விரல் உயரம் நின்றது. வாசனை பிள்ளைக்குப் போகக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றினேன்.

ஜாடியின் வாயிலிருந்து மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்தது. ஒரே மூச்சுதான் இழுத்திருப்பேன், தொண்டை இறுகிவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல் கதவைத் தேடித் திறந்தால், அந்தப் பக்கம் மகள் நிற்கிறாள். ஒன்றுக்குப் போக வந்திருக்கிறாள். "அப்பா, ஸ்விம்மிங் பூல் ஸ்மெல் வருது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவளை அள்ளிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். அங்கே உட்காரவைத்துவிட்டு, துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு திரும்பிப் போய், ஷவரை ஜாடிக்கு நேராகத் திறந்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினேன். எல்லாம் முடிந்தபோது மணி ஒன்பதரை. மகளுக்கு இன்ஹேலர் இரண்டு தடவை அடித்தேன். இருமல் அடங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு மனைவி கூப்பிட்டாள். டீ நேரத்தில் கூப்பிட்டுப் பிள்ளையிடம் பேசுவது அவள் வழக்கம்.

"என்ன, இருமுதிய?"

"பாத்ரூம் கழுவினேன். பிளீச் கொஞ்சம் கூடிப்போச்சு."

"பிள்ளைக்கிட்ட போனக் குடுங்க."

"டிவி பாத்துட்டு இருக்கா. பெறவு பேசச் சொல்லுதேன்."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். மகள் அப்போது என் பக்கத்தில் பால்கனியில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்ன பொய்யைக் கேட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நுரையீரல் வார்டில் வேலை பார்க்கும் ஒருத்தியிடம், என் தொழிலில் முதல் நாள் சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

பதினொன்றரைக்கு மேல் மகளின் தோள் ஏறி இறங்க ஆரம்பித்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. மறுபடியும் இன்ஹேலர் அடித்தேன், கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு சொல் சேர்த்துப் பேச அவளுக்கு மூச்சு போதவில்லை. அதைப் பார்த்ததும் என் தலைக்கனம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, பிளீச்சும் ஆசிட்டும் கலந்துவிட்டது, பிள்ளை வாசலில் நின்றாள், மூச்சு வாங்குகிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இப்பமே கொண்டு வாங்க. படி எறங்கவிடாண்டாம், தூக்கிட்டு வாங்க" என்றாள்.

மூன்று மாடி தூக்கி இறக்கி டாக்ஸி பிடித்தேன். எமர்ஜென்சி வாசலில் மனைவி சக்கர நாற்காலியோடு நின்றாள். ஆக்சிஜன் வைத்தார்கள், நெபுலைசர் வைத்தார்கள். டாக்டர் ஒரு எகிப்துப் பெண்மணி. புகை பட்டது எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். பக்கத்தில் இன்னொரு நர்ஸ் எழுதக் காத்திருந்தாள். மனைவி மகளின் முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். பதினொன்றரை என்று சொல்லியிருக்கலாம். பத்து மணிப் பொய்யும் அதோடு மறைந்திருக்கும். ஒன்பதரை என்றேன். நேரம் தெரிந்தால்தான் எவ்வளவு நேரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும் என்றார் டாக்டர். மனைவி நிமிரவில்லை.

மூன்று மணிக்கு மகளின் மூச்சு சீராயிற்று. எனக்கும் மார்பைப் பரிசோதித்து அனுப்பினார்கள். இரவு இங்கேயே இருக்கட்டும், ஆனால் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனைவி வராந்தாவுக்கு வந்தாள். சுவரோரம் என் பக்கத்தில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"பத்து மணிக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "அது சும்மா பிளீச் இருமல் இல்ல. பிள்ளைக்கிட்ட போனும் குடுக்கல்ல. என்னவோ மறைக்குதியன்னு தெரிஞ்சுது."

"பெறவு ஏன் கேக்கல்ல?"

"கேட்டா உங்களுக்குக் கொறச்சலா இருக்கும்னு கேக்கல்ல. எட்டு மாசமா அப்பிடித்தான எதுவும் கேக்காம இருக்கேன். டீயக் குடிச்சிட்டு வார்டுக்குப் போயிட்டேன். நான் நர்சு. எனக்க பிள்ள."

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. யூனிஃபார்மோடு, வருகிறவர் போகிறவர் பார்க்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். என் பொய்க்கு நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ தன் மௌனத்துக்காக அழுதுகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரின் மரியாதைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு பிள்ளை இரண்டு மணி நேரம் வைத்தியம் இல்லாமல் இருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை போன இன்டர்வியூவிலும் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதனால் என்று கேட்டாள்.