சத்தத்தை ஏத்தச் சொன்ன அப்பா

போன வருடம் தை மாதம். சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் போட்டிருந்தேன். எனக்கு ஊர் கடலூர் செம்மண்டலம், தொழிலே அதுதான். மதியச் சாப்பாடு முடிந்து ஸ்பீக்கர் பாக்ஸுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கிட்டாரும் கையுமாக நான்கு பேர் ஓடி வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். காலேஜ் முடித்த வயசு.

அவர்கள் ஒரு ராக் பேண்டு. எட்டுப் பாட்டு சேர்த்து முதல் ஆல்பம் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஹாலில் அதை வெளியிட்டு, எல்லாப் பாட்டையும் நேரிலேயே வாசிக்க வேண்டும். பேசி வைத்திருந்த ஸ்பீக்கர்காரர் வரவே இல்லையாம்.

"எங்களுக்கும் போட்டுக் குடுத்துட்டுப் போங்கண்ணே."

"இது கல்யாண செட்டுப்பா. உங்க பாட்டத் தாங்குமா?"

"தாங்காம கரகரன்னு வந்தாலும் எங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றான் டிரம்ஸ் அடிக்கிற பையன். கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஒயர் இழுக்கும்போது பாடுகிற பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கடலூர்ப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். "எங்கப்பா இன்னிக்கு கடலுக்குப் போவாம வர்றாருண்ணே. என் பாட்ட மொத மொதலா கேக்கப் போறாரு. புடிக்காம பாதியில எழுந்து போயிட்டாருன்னா, இதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்றாள். எனக்கும் ஆறாவது படிக்கிற பெண் இருக்கிறாள். எப்படியாவது அந்த அப்பாவை உட்கார வைத்துவிட வேண்டும் என்று நானும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

சாயங்காலம் ஆரம்பித்தார்கள். சுவரெல்லாம் தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோலக் கலர் கலராக வெளிச்சம். அவர்கள் காலடியில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். காலால் அமுக்கினால் கிட்டார் சத்தம் நீண்டு, மங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகிறது. கிட்டார் வாசித்தபடி பாடிய அந்தப் பெண் குனிந்த தலை நிமிரவே இல்லை. பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்து, தலையைத் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். அவள் சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது பாட்டில் ஸ்பீக்கரிலிருந்து 'ஊய்' என்று ஊளைச் சத்தம் கிளம்பியது. மைக் செட்டுக்காரனுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. கல்யாண வீட்டில் ஒரு தடவை வந்தாலே தாலி கட்டுகிறவர்கூடத் திரும்பி என்னைத்தான் பார்ப்பார். என் கை தானாகப் போய்விட்டது. கிட்டாரை நன்றாகக் குறைத்தேன். அவள் குரலை ஏற்றினேன். ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகக் கேட்டது. எனக்கு ரொம்பப் பெருமை.

மேடையில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு, தண்ணீர் ஊற்றிய மோர் மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் அவளுடைய அப்பா எழுந்துவிட்டார். அவளும் பார்த்துவிட்டாள். பாடுகிற குரல் அப்படியே இறங்கியது.

அவர் வாசல் பக்கம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, ஏன் கொறச்ச?"

"ஊளையிடுதுங்க. பாப்பா பாடறதும் புரியணுமில்ல."

"அவ பாடறத ஊட்ல கேட்டுக்கறேன். எனக்கு அந்த எரைச்சல்தான் வேணும். கர தெரியாத எடத்துல எஞ்சின நிறுத்துனா, காத்தும் தண்ணியும் நாலு பக்கமும் இப்பிடித்தான் கேக்கும். அவள நான் அங்க கூட்டிப் போனதேயில்ல. அந்தச் சத்தத்த எப்பிடிப் புடிச்சாளோ தெரியல. ஏத்து."

ஏற்றினேன். ஊளையும் வந்தது. இந்தத் தடவை என் கையை நானே பிடித்துக்கொண்டேன். அவர் இடத்துக்குத் திரும்பவில்லை. என் மேசையைப் பிடித்தபடி, படகில் நிற்பவர்போலக் காலை அகட்டி, கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பாட்டு வரை நின்றார். அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

முடிந்ததும் டிரம்ஸ் பையன் விளக்கினான். காலடிப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து அமுக்கி வாசிப்பதால் குனிந்தேதான் நிற்பார்களாம். குரலும் இரைச்சலுக்குள் கரைய வேண்டுமாம். "நீங்கதாண்ணே எங்க பாட்டுல மொத மொதலா வார்த்தய கேக்க வெச்சவரு" என்று சிரித்தான்.

பெண் அப்பாவிடம் வந்து, "எப்பிடிப்பா இருந்துச்சி?" என்றாள்.

"ஒண்ணும் புரியல. காது அடச்சிப் போச்சி. நாளைக்குப் படகுல கேக்கணும், எல்லாத்தையும் செல்லுல ஏத்திக் குடு."

கல்யாண வீட்டில் ஊளை வந்தால் இன்றும் உடனே குறைத்துவிடுவேன், அது என் வேலை. ஆனால் வீட்டில் என் பிள்ளைகள் எனக்குப் பிடிபடாத எதையாவது சத்தமாகப் போடும்போது, இதில் யாருக்கோ கடல் கேட்குமோ என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க நின்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.