நீலம் பூசிய கட்டி

ஒக்நாம் எங்கள் சிப்பி உடைக்கும் கொட்டகையில் எனக்குப் பக்கத்துப் பலகையில் வேலை செய்கிறவள். மலைநாட்டில் மிளகாய்த் தோட்டத்தில் பிறந்தவள். படகுக்காரன் தேசிக்கைக் கட்டிக்கொண்டு தோங்யோங் துறைமுகத்துப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தீவுக்கு வந்தபோது, அலையைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். நான் பலகையைத் துடைத்துவிட்டுப் போனால் அவள் மறுபடி துடைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தச் சுத்தம்தான் அவளைக் கெடுத்தது.

கல்யாணமான மறு வசந்தத்தில் தேசிக் படகைக் கரையேற்றி, அடிப்பாகம் முழுக்கச் சிவப்பு வர்ணம் அடித்தான். சுக்கானுக்குப் பக்கத்தில் புதுத் துத்தநாகக் கட்டிகளை முடுக்கினான். உப்புத் தண்ணீருக்கு உலோகத்தின் மேல் ஓயாத பசி. இந்தக் கட்டி இருந்தால் முதலில் இதைத் தின்னும், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் காற்றாடியையும் சுக்கானையும் விட்டுவிடும். கட்டி கரையக் கரையப் புதிது மாட்டுவோம். எங்கள் தீவில் பால்குடிப் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். அதனால் ஒக்நாமுக்கு யாரும் சொல்லவில்லை.

படகை இறக்கும் பூசைக்குப் பன்றித்தலை வாங்கத் தேசிக் போயிருந்த சாயங்காலம் அவள் படகைப் பார்க்க வந்தாள். பளபளவென்ற சிவப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கட்டிகள் துருத்திக்கொண்டிருந்தன. புருஷன் விட்டுவிட்டான், நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். வீட்டுக் கேட்டுக்கு அடித்த நீல வர்ணம் கொஞ்சம் மிச்சமிருந்தது. கொண்டுவந்து வழித்துப் பூசிவிட்டாள். விடியுமுன் நீர் ஏறியது, இருட்டோடு இருட்டாகப் படகை இறக்கிவிட்டார்கள்.

வர்ணம் மூடிய கட்டியைக் கடல் தொடாது. பசி மட்டும் அடங்குமா? காற்றாடி பித்தளை. பித்தளை என்றால் செம்போடு துத்தநாகம் கலந்ததுதானே. அந்தத் துத்தநாகத்தை உறிஞ்ச ஆரம்பித்தது.

குளிர்காலத்தில் ஒக்நாம் பெண் குழந்தை பெற்றாள். அவளைப் பார்த்துக்கொள்ள மலையிலிருந்து தாயார் வந்திருந்தாள். ஆரம்பத்திலிருந்தே படகுக்காரனுக்குப் பெண் கொடுக்க மனசில்லாதவள். அந்த நேரம் பார்த்து, வாடைக்காற்றில் தேசிக்கின் காற்றாடி உடைந்தது. பாறைப்பக்கம் அடித்துக்கொண்டு போன படகை, பக்கத்துப் படகுக்காரன் பான்சுல் கயிறு போட்டு இழுத்து வந்தான். இல்லாவிட்டால் ஒக்நாம் அன்றைக்கே விதவை.

படகைக் கரையேற்றியதும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். காற்றாடியில் மிச்சமிருந்த இலை ரோஜா நிறத்தில் வெளுத்துப் பொரபொரத்துக் கிடந்தது. பான்சுல் சுத்தியலால் தட்டினான், பிஸ்கட்டாக உதிர்ந்தது. அதற்கு மேலே நீலக் கட்டிகள், மாட்டிய அன்றைக்கு இருந்தபடியே கொழுகொழுவென்று.

"எந்தப் புண்ணியவான்டா இதுக்குப் பெயின்ட் அடிச்சது?" என்றான் பான்சுல்.

ஒக்நாமின் முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றவள் வாயைத் திறக்கப் போனாள்.

"நான்தான்டா. ஏதோ நெனப்புல அடிச்சுட்டேன்" என்றான் தேசிக்.

தாயார் விடுவாளா? "கடல்லயே பொறந்தவன், கடல்லயே வளந்தவன்னு அளந்தீங்களே! நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கா என் பொண்ணக் குடுத்தேன்?"

தேசிக் தலையைச் சொறிந்தான். ஒக்நாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவன் பெயர் 'நீலம்'. குடிக்கிற இடத்தில் நீலம், ஏலத்தில் நீலம். ஒவ்வொரு முறையும் ஒக்நாமின் காது சிவக்கும். படகு கரையேறினால் கம்பித்தேய்ப்பானோடு முதலில் அடியில் நுழைவது அவள்தான். துத்தநாகம் பளிச்சென்று தெரிகிறவரை தேய்ப்பாள், கை கிழிந்தாலும் விடமாட்டாள். எதற்கு இப்படித் தேய்க்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

போன வசந்தத்தில் தேசிக் புதுப் படகு எடுத்தான். பூசை முடிந்து அரிசிக் கள் ஓடிக்கொண்டிருந்தது.

"நீலம் அண்ணே, கட்டிக்குப் பெயின்ட் வாங்கியாச்சா?" என்றான் பான்சுல்.

ஒக்நாம் பலகாரத் தட்டை நங்கென்று வைத்தாள். "போதும்! அத அடிச்சது நான். இவரு இல்ல. நான்."

யாரும் வாயைப் பிளக்கவில்லை. பான்சுல்தான் மெதுவாகச் சொன்னான். "அண்ணி, உங்க வீட்டு கேட்டத் தாண்டித்தான தெனமும் துறைக்கு வர்றோம். அந்த நீலம் எங்களுக்குத் தெரியாதா?"

அவள் புருஷனிடம் திரும்பினாள். "இவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் யாருக்காக அந்தப் பொய்?"

"உங்கம்மா நின்னாங்கல்ல? உன்னப் பத்திப் பேசறப்பதான் அவங்க மொகத்துல சிரிப்பே வரும். அத ஏன் கெடுக்கணும்?"

ஒக்நாம் அப்படியே ஈர மண்ணில் குந்திவிட்டாள். நான் போய்த் தோளைப் பிடித்தேன், உதறினாள். பிறகு அழுதபடி அவளே சொன்னது இது. தாயார் கடைசிக் காலத்தில் இவர்கள் வீட்டில்தான் படுக்கையில் கிடந்தாள். தேசிக் கஞ்சி ஊட்டுவான். ஒரு வாய் வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்து, "பாவம், நல்லவன்தான். புத்திதான் கொஞ்சம் கம்மி" என்றாளாம்.

"கிண்ணத்தப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்தேன்டி. ஆமாம்மான்னு சொன்னேன்."