பட்டப்பகலில் அடைத்திருந்த கடைத்தெரு

நான்கு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லாத சமயத்தில் மயிலாடுதுறையில் நடந்தது இது. அங்கே ஒரு குறுகலான கடைத்தெருவில் என் கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வருடத்தில் எங்களுக்கு நல்ல வியாபாரம் என்றால் அந்தச் சில நாட்கள்தான். ஆனாலும் திருவிடைமருதூரில் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியுமா? மதியத்துக்குள் திரும்பிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மொய் எழுதிவிட்டு இலையில் உட்காரப் போகும்போது போன் அடித்தது. எங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண்.

"அக்கா, உடனே வாங்கக்கா. அண்ணனுக்கு..." என்று அழுதாள். பின்னால் ஒரே கூச்சல். லைன் கட்டாகிவிட்டது.

திரும்பத் திரும்ப அடித்தேன். அவள் எடுக்கவில்லை. அவர் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. செருப்பைத் தேடிக்கூடப் போடாமல் ஓடி வந்து பஸ் ஏறினேன். குத்தாலம் தாண்டும் வரைக்கும் பஸ் ஊர்ந்தது போலவே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், குடிக்கத் தோன்றவில்லை.

ஆட்டோ பிடித்துக் கடைத்தெரு முனையில் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன்.

தெரு முழுக்க ஷட்டர் இறக்கியிருந்தது. ஜவுளிக்கடை, வளையல்கடை, உரக்கடை, ஸ்வீட் ஸ்டால் எல்லாமே அடைப்பு. காலையில் நான் போகும்போது நடக்க இடமில்லாமல் இருந்த தெரு அது. தற்காலிகக் கடைகளுக்குப் போட்டிருந்த பந்தல்களைக்கூடப் பிரித்து ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். தீபாவளி நேரத்தில், பட்டப்பகலில், ஓர் ஆள் இல்லை.

எங்கள் தெருவில் இப்படி அடைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடைக்காரர் யாராவது இறந்துவிட்டால் வணிகர் சங்கம் எல்லாரையும் கடையடைக்கச் சொல்லும். ஊர்வலம் தெருவைத் தாண்டிய பிறகுதான் திறப்பார்கள். அந்த ஆடி மாதம்தான் இரும்புக்கடைக்காரர் மாரடைப்பில் போனபோது எங்கள் கடையையும் அப்படி அடைத்தோம்.

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. காலையில் அவர் இரண்டாவது காபி கேட்டார், நேரமாகிவிட்டதென்று போட்டுக்கொடுக்காமல் வந்துவிட்டேனே என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

முனையில் பூ விற்கிற அம்மா ஓடி வந்து என் தோளைப் பிடித்தார்.

"ஏம்மா இங்க உக்காந்துட்ட? எந்திரி."

"எப்ப போச்சு உசுரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"யாருக்கு?" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "அட கடவுளே! உன் வீட்டுக்காரரு பேசிக்கிட்டேதாம்மா ஆம்புலன்ஸ்ல ஏறுனாரு. கால்லதான் அடி. கடக்காரங்க பூரா அவருக்கு ரத்தம் குடுக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. அதான் ஒருத்தரும் இல்ல."

அப்போதுதான் அழுதேன். ரோடு என்றும் பார்க்காமல் அவர் மடியில் விழுந்து அழுதேன்.

நடந்ததை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது பூக்கார அம்மாதான் சொன்னார். கல்யாண ஆர்டருக்குப் பெரிய அண்டாவை எடுக்க என் கணவர் மேல்தட்டில் ஏறியிருக்கிறார். இரும்பு ரேக் சரிந்து எல்லாம் மேலே விழுந்துவிட்டது. தகடு கிழித்து, முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. எதிர் ஜவுளிக்கடை பாய்தான் முதலில் ஓடி வந்து, புது வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாராம். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தும் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. அவ்வளவு கூட்டம், பந்தல், வண்டிகள்.

பாய் எங்கள் வணிகர் சங்கச் செயலாளரும்கூட. கூட்டத்தில் திருடர்கள் ஜாக்கிரதை என்று சொல்வதற்காகச் சங்கம் கட்டியிருந்த மைக்கைப் பிடித்துக் கத்தியிருக்கிறார்.

"எல்லாரும் ஷட்டரை இழுங்க! கடை தொறந்திருந்தா கூட்டம் கலையாது. பந்தலைப் பிரிங்க, வண்டிய எடுங்க, ஆம்புலன்ஸ் உள்ள வரணும்!"

பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்களாம். வாடிக்கையாளர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ஸ்வீட் ஸ்டாலில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பைக்கூட அணைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வளையல்கடைக்காரர், முறை வருவதற்காக உரக்கடைக்காரர், சர்க்கரை இருக்கிறதென்று டாக்டர் திருப்பி அனுப்பியதில் கோபமாக ஸ்வீட் ஸ்டால்காரர். இருப்பிலிருந்த ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள், அதற்கு ஈடாக இவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடைப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். போனைக் கடையிலேயே போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறியிருக்கிறாள்.

பாய் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை மார்பிலிருந்து இடுப்பு வரை சிவப்பாக இருந்தது. அது என் கணவரின் ரத்தம் என்று உறைத்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க தங்கச்சி. ஆபரேஷன் நடக்குது. கால் தப்பிச்சிரும்னு சொல்லிட்டாங்க" என்றார்.

சாயங்காலம் வெளியே வந்த டாக்டர், கட்டாமல் விட்டிருந்தாலோ, கொண்டுவரத் தாமதமாகியிருந்தாலோ காலை மட்டுமல்ல, ஆளையே காப்பாற்றியிருக்க முடியாது என்றார்.

பாயிடம், "தீபாவளி வியாபாரத்தை இப்படி எல்லாரும் விட்டுட்டு வந்துட்டீங்களே அண்ணே" என்றேன். நன்றி சொல்லத்தான் நினைத்தேன், வாயில் இப்படி வந்தது.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "போன புயல்ல என் கடைக்குள்ள தண்ணி பூந்தப்ப உங்க வீட்டுக்காரரு தன் கடையப் பூட்டிட்டு வந்து விடியுற வரைக்கும் துணி மூட்டை தூக்குனாரே, அப்ப நான் இப்படிக் கேட்டனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புயலன்று என் கணவர் நனைந்துபோய் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருந்தது. சங்க வேலை என்றுதான் சொன்னார். சங்கம் என்றால் கூட்டம் போடுவது, பேனர் வைப்பது, கடையடைப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"கடைச் சாவியக் குடுங்க தங்கச்சி. நீங்க அவரைப் பாருங்க, கடைய நாங்க பாத்துக்கறோம்" என்றார் பாய்.

சொன்னபடியே தீபாவளி வரைக்கும் ஆள் மாற்றி ஆள் வந்து எங்கள் கடையில் உட்கார்ந்தார்கள். நெல் விதையும் யூரியாவும் விற்கிற உரக்கடைக்காரர், கட்டிலில் படுத்திருந்த என் கணவருக்குப் போன் போட்டு, "அண்ணே, இந்தக் குக்கருக்கு விசில் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டபோதுதான் அவர் விபத்துக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தார்.

இன்றைக்கு அவர் லேசாகச் சாய்ந்து நடக்கிறார். மேல்தட்டில் ஏற நான் விடுவதில்லை. சங்கத்தில் நானும் உறுப்பினராகி, கூட்டங்களுக்கு அவரைவிட ஒழுங்காகப் போகிறேன். நேரங்கெட்ட நேரத்தில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் இப்போதும் ஒரு நொடி நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அதைக் கேட்டு உறைந்து உட்காராமல், யாருக்கு என்ன வேண்டியிருக்கிறதோ என்று தெருவில் இறங்கி ஓட அந்த நாள் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.