ஒரு உதைக்கு ஆறு பேர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்னும் தடுமாற்றம் உண்டு. அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளவும். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். சண்டைக்காட்சிக்கு ரோப் இழுக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதியது இது.

1. முதல் நாள்

என் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். நைனாவோடு வலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஏரியில் இறால் இல்லாமல் போன ஒரு வருஷம், சென்னையில் சினிமா ஸ்டண்ட் யூனிட்டுக்குக் கயிறு தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

மூடிக்கிடந்த ஒரு மில்லுக்குள் ஷூட்டிங். ஸ்டண்ட் மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா தெரியும் உனக்கு?"

"கயிறு தெரியும் சார்."

"மாஸ்டர்னு சொல்லு. சார்னா புரொடியூசர் வந்துட்டார்னு பயந்துடுவானுங்க."

அதுவரை பொன்னேரி தியேட்டரில் நானும் விசில் அடித்தவன்தான். ஹீரோ உதைத்தால் அடியாள் எப்படியோ பயிற்சி எடுத்துப் பின்னால் பறக்கிறான் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அடியாளாக நடிக்கும் ஃபைட்டர் சட்டைக்குள் ஹார்னஸ் போட்டிருப்பார். அது இடுப்பையும் தொடையையும் சுற்றி இறுக்கும் பட்டை. அதன் முதுகில் கொக்கி. கொக்கியில் மாட்டிய ரோப் உயரத்தில் இருக்கும் கப்பி வழியாக இறங்கி எங்கள் கைக்கு வரும். நாங்கள் ஆறு பேர். ஹீரோ காலைத் தூக்குவார். மாஸ்டர் "புல்" என்பார். நாங்கள் ரோப்போடு ஓடுவோம். அந்தப் பக்கம் ஃபைட்டர் பறப்பார். தரையில் போட்ட கோட்டில் நாங்கள் நின்றால் அவர் பெட்டில், அதாவது தடித்த மெத்தையில், விழுவார். ஹீரோவின் ஷூ அவர் சட்டையைத் தொட்டுக்கூட இருக்காது.

அன்று ஷாட் முடிந்ததும் ஹீரோ மானிட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், நான் இன்னும் ஓங்கி உதைச்சேன்ல, அதுக்கு ஏத்த மாதிரி இன்னும் கொஞ்சம் தூரம் போகட்டுமே."

மாஸ்டர் சிரிக்காமல் எங்கள் பக்கம் திரும்பினார். "டேய், சார் ஓங்கி ஒதைச்சாராம். நல்லா ஓடுங்கடா."

நிஜத்தில் உதை வாங்கியவன் மடங்கி அங்கேயே விழுவான். உதைத்தவனும் அசையாமல் நிற்க முடியாது. தோணியில் நின்று வீச்சு வலை போட்டவனுக்கு இது தெரியும். வலை முன்னால் போனால் தோணி பின்னால் போகும். சினிமாவில் மட்டும்தான் வலை போகும், தோணி போகாது. அந்தப் பொய்யை உண்டாக்குவதுதான் எங்கள் வேலை. பொய் என்றாலும் பறக்கிற உடம்பு நிஜம். மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கால் தரையில ஊணி இருக்கணும். ரோப் கைல இருக்கணும். மத்தது அப்புறம்."

2. அந்தோணி

அந்தோணி அனுப்பம்பட்டுக்காரன். அப்பா நெல் பயிரிட்டார். இவனுக்குச் சேற்றில் இறங்கப் பிடிக்கவில்லை, ஃபைட்டராகிவிட்டான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வேலை முடிந்தால் இருவரும் ஒரே மின்சார ரயிலில் திரும்புவோம். அவன் அனுப்பம்பட்டில் இறங்குவான். நான் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிப்பேன்.

நிறையப் பேசுவான். நான் கேட்டுக்கொண்டு வருவேன்.

"அண்ணே, எங்கூர்ல பிளைட்டு ஏறாமலே அதிகம் பறந்தவன் நான்தாண்ணே."

"எறங்குறது முக்கியம்டா."

"எறக்குறதுக்குதான் நீ இருக்கியே."

அவன் மனைவி ஸ்டெல்லா ஒரு படத்தில்கூட அவன் முகத்தைப் பார்த்ததில்லை. எப்போதும் விக், தாடி, இல்லாவிட்டால் முதுகு. "இதுல எது நீ?" என்று கேட்பாளாம். "எவன் ரொம்ப தூரம் போறானோ அவன்தான் நான்" என்பானாம்.

3. ஏரியில்

பழவேற்காட்டில் ஷூட்டிங் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். ஏரி நடுவே இரண்டு படகுகள். ஹீரோ ஒரு படகில் நின்று உதைக்க வேண்டும். வில்லனின் ஆள் தண்ணீருக்கு மேலே பின்னால் பறந்து போக வேண்டும். சூரியன் சாயும் வெளிச்சத்தில் ஷாட்.

கப்பியைக் கட்ட ஏரியில் இரும்புக் குழாய் நட்டு உயரமாகச் சட்டம் அடித்தார்கள். சட்டத்துக்கு முன்னால் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பெட் போட்டு, பழைய வலையால் மூடினோம். அதுவரை சரி. நாங்கள் ஆறு பேர் எங்கே நின்று ஓடுவது என்பதுதான் கேள்வி.

அங்கே தண்ணீர் இடுப்பளவு. கீழே முழங்கால் வரை சேறு. மணல் மூட்டையைக் கொக்கியில் மாட்டி, தண்ணீரில் நின்று இழுத்துப் பார்த்தோம். கால் எழவில்லை. மூட்டை மெதுவாகப் போய்த் தண்ணீரில் உட்கார்ந்தது.

"வாக்கிங் போற மாதிரி இருக்குது மாஸ்டர்" என்றான் அந்தோணி.

ஒரு படகில் ஏறி நின்று இழுத்தோம். மூட்டை அசைவதற்குள் எங்கள் படகு சட்டத்தை நோக்கிக் கிளம்பிவிட்டது. டைரக்டர் தலையில் கை வைத்தார். "என்னய்யா இது, மூட்டை நிக்குது, நீங்க ஆறு பேரும் பறக்குறீங்க?"

யூனிட் முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

"சவுக்கு நட்டு, பலகை அடிச்சி, ஓட ஒரு மேடை போடணும். நாளைக்கு எடுத்துக்கலாம். ஒரு நாள் குடுங்க" என்றார்.

இங்கேதான் எங்கள் ஏரி வழக்கம் குறுக்கே வந்தது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எந்த ஊர் வலை போடலாம் என்று முறை உண்டு. அதைப் பாடு என்போம். அன்று அந்த இடம் எங்கள் குப்பத்துப் பாடு. அதனால்தான் படம் எடுக்க விட்டார்கள். மறுநாள் எதிர்க்கரைக் குப்பத்துப் பாடு. புரொடக்‌ஷன் மேனேஜர் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்த் தலைவரிடம் போனார்.

"அவங்ககிட்ட ஒரு நாள் மாத்திக் கேட்டா தருவாங்களா?"

தலைவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "போன வருசம் எங்க வலைய அறுத்தவனுங்க. அவனுங்ககிட்ட போயி நாங்க நிக்கறதா? இன்னா பேசற நீ?"

"நீங்க வேணாம், நானே போய்க் கேக்குறேன்."

"நீ கேட்டாலும் நாங்க கேக்கச் சொன்னாப்லதான் ஆவும். இன்னைக்கு முடிச்சிக்கினு கெளம்புங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். எதிர்க் குப்பம் தராது என்றுதான் நானும் நம்பினேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படி நம்பித்தான் வளர்ந்தோம். திரும்பி வந்தோம்.

நாளை இல்லை என்றானதும், ரோப்பை இன்ஜின் படகில் கட்டி இழுக்கலாம் என்ற பேச்சு வந்தது. யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. மாஸ்டர் வெகுநேரம் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு, "மூட்டைய வெச்சிப் பாப்போம்" என்றார். படகை எங்கள் ஊர் ஏழுமலை ஓட்டினான். கெட்டிக்காரன். கொடி அசைந்தால் இன்ஜினை நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு முறை இழுத்தோம். இரண்டு முறையும் மூட்டை அழகாகப் பறந்து பெட்டில் விழுந்தது. அப்போது கடல் காற்று படகுக்கு எதிரே அடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் நின்றதும் காற்றே படகைப் பிடித்து நிறுத்தியது. நாங்கள் அதை ஏழுமலையின் கைத்திறமை என்று எண்ணினோம். அவனும் அப்படித்தான் எண்ணினான்.

அந்தோணி ஹார்னஸ் மாட்டிக்கொண்டான். கொக்கியை நான் பூட்டினேன்.

"மூட்டைக்கும் எனக்கும் ஒரே வெயிட்டுதாண்ணே. ஆனா நான் கத்துவேன். சவுண்டு நல்லா வரும்."

அவனைப் பிடித்துக்கொள்ள நான் பெட்டுக்குப் போய்விட்டேன். வெளிச்சத்துக்காகக் காத்திருந்தோம். வெயில் இறங்க இறங்கக் காற்றும் விழுந்துவிட்டது. தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது. கேமராமேன், "அருமையா இருக்கு" என்றார்.

"ரோலிங். ஆக்‌ஷன். புல்."

கொடி சரியாக அசைந்தது. ஏழுமலை இன்ஜினைச் சரியாக நிறுத்தினான். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் இன்ஜின் நின்றால் படகு நிற்காது. எதிர்க் காற்று இல்லாததால் அது வழுக்கிக்கொண்டே போனது. கையில் இருக்கிற ரோப் என்றால் விட்டிருப்போம். படகில் கட்டிய ரோப்புக்கு விடத் தெரியாது.

அந்தோணி பெட்டுக்கு வரவில்லை. என் தலைக்கு மேலே போனான். பின்னால் இரும்புக் குழாயில் மோதிய சத்தம் கேட்டது. கத்துவேன் என்றவன் கத்தவில்லை.

கரையில் கைதட்டினார்கள். அதுவரை எந்தப் படத்திலும் அவ்வளவு தூரம் யாரும் பறந்ததில்லை என்றார்களாம்.

ரோப்பைத் தளர்த்தி அவனைப் பெட்டில் இறக்கினோம். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, என் காலு தண்ணியிலயா இருக்குது?"

கால் இரண்டும் காய்ந்த பெட்டின் மேல் கிடந்தன.

"ஆமாண்டா" என்றேன்.

"ஜில்லுனு இல்லியே."

4. மறுநாள்

முதுகெலும்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விடிந்ததும் ஸ்டெல்லாவை வரவழைத்து உட்காரவைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க நான் ஊருக்கு வந்தேன். எங்கள் கரையில் எதிர்க் குப்பத்துத் தலைவர் நின்றிருந்தார். அவர் எங்கள் கரையில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அன்றைய பாடு அவர்களுடையது. வலை போட வந்தவர்கள் ஏரியில் இரும்புச் சட்டம் நிற்பதைப் பார்த்து விசாரித்திருக்கிறார்கள்.

"அந்தப் புள்ள எப்பிடிப்பா இருக்கான்?" என்று என்னைக் கேட்டார்.

"காலு வராதுன்றாங்க."

அவர் எங்கள் தலைவரைப் பார்த்தார். "ஒரு நாளுதானய்யா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. எங்கூர்ப் பொண்ணு கல்யாணத்துக்கு உங்க பாட்டை நாங்க மாத்தி வாங்கலியா?"

"அது எங்கப்பன் காலத்துல" என்றார் எங்கள் தலைவர். "படம் எடுக்கறது தெரியும்ல. நீயா வந்து குடுத்திருக்கலாமே."

"ஆளக் கயித்துல கட்டி இழுக்கறீங்கன்னு எனக்கு எப்பிடிய்யா தெரியும்?"

எங்கள் தலைவர் லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எதிர்க் குப்பத்தார் அன்று அந்த இடத்தில் வலை போடவில்லை. துக்கம் நடந்த இடம் என்று பாட்டை விட்டுவிட்டுப் போனார்கள். நாங்கள் கேட்காமல் விட்ட அந்த நாள், யாருக்கும் இல்லாமல் ஏரியில் சும்மா கிடந்தது.

5. அந்த ஷாட்

ஷாட்டைப் படத்தில் வைத்துவிட்டார்கள். ரோப்பையும் சட்டத்தையும் கம்ப்யூட்டரில் அழித்து, அவன் தண்ணீரில் விழுவது போல ஒட்டியிருந்தார்கள். எந்தப் படம் என்று அந்தோணி வீட்டில் சொல்லவில்லை. ஸ்டெல்லாவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்க்கப் போவேன். திருப்பிப் படுக்கவைக்க இன்னொரு ஆள் இருந்தால் ஸ்டெல்லாவுக்குச் சுலபம். போன ஞாயிறு அவள் தம்பி ஜோசப் வந்திருந்தான். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். செல்போனில் எதையோ பார்த்துச் சிரித்தவன், கட்டிலருகே போய் நீட்டினான்.

"மாமா, இதப் பாரேன். ஒரே ஒதை, ஏரியத் தாண்டறான்! எவனோ வீடியோ மேல கோடு போட்டு, கணக்கு போட்டுக் கலாய்ச்சிக்கறான். யானை ஒதைச்சாலும் இவ்ளோ தூரம் போவாதாம். நம்மள இன்னா கேனையன்னு நெனச்சிக்கினு எடுக்கறானுங்க?"

எட்டிப் பார்த்தேன். அதே ஏரி, அதே ஷாட். அந்தோணி முழுவதும் பார்த்தான்.

"இன்னொரு வாட்டி போடு."

ஜோசப் சந்தோஷமாகப் போட்டான்.

"நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ. ஆங்." விரலால் திரையைத் தொட்டுக் காட்டினான். "இதோ, இந்த எடம். இது வரைக்கும் எனக்குக் காலு இருந்துச்சு."

ஜோசப் முதலில் சிரித்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அடுப்படியில் ஸ்டெல்லாவின் கை நின்றுவிட்டது.

"கணக்கு போட்டவன் சரியாத்தான் போட்டுக்கறான்டா" என்றான் அந்தோணி. "ஒதைச்சா அவ்ளோ தூரம் போவ முடியாது."

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஊன்றி நிற்க இடம் இல்லை என்றால் ரோப்பைத் தொடாதீர்கள். கை இல்லாத எதிலும் ரோப்பைக் கட்டாதீர்கள். மூட்டை சரியாக விழுந்ததை வைத்து மனிதனை அனுப்பாதீர்கள். ஒரு நாள் வேண்டும் என்றால், அதைத் தரக்கூடியவர் யாரோ அவரிடமே போய்க் கேளுங்கள். பகையாளியாக இருந்தாலும், உங்களுக்கு நாக்கு எழாவிட்டாலும் கேளுங்கள். இல்லை என்று அவர் வாயால் சொல்லட்டும்.

புரட்டாசி இருபத்திரண்டு, புதன்கிழமை.